பூச்சில் குறையில்லை

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே இருவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? குளிர் நாளில் மூச்சு வாங்குமே, இப்போது குறைந்திருக்கிறதா?

இடுப்பை மறுபடி திறந்து மாற்றிவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வைத்த குண்டும் அது உட்காரும் கிண்ணமும் போய், புதுக் குண்டு, புதுக் கிண்ணம். தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டு மட்டும் பழையது. அது கெட்டியாக இருக்கிறதாம். தையல் பிரித்தாயிற்று. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய்வருகிறேன். தொடையின் வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போல இருக்கிறது. தொந்தரவு ஒன்றும் இல்லை.

கழற்றிய குண்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், கேட்டு வாங்கு என்று சொல்லியிருந்தாய். கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கழுவி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். "உள்ள நிறைய உரசல் இருக்கு. பூச்சு உரிஞ்சிருக்கலாம்" என்றார். "எங்கேயாவது விழுந்தீங்களாம்மா?" என்றும் கேட்டார். இவர் பக்கத்தில்தான் நின்றார். "அதெல்லாம் இல்ல டாக்டர். வீட்டைவிட்டா கடை, கடையைவிட்டா வீடு. எங்க போய் விழப்போறா?" என்று இவரே சொல்லிவிட்டார்.

குண்டு செய்த கம்பெனி மேல் இவருக்கு ஆத்திரம். பூச்சு மட்டம் என்று உன் ஆய்வகத்திலிருந்து எழுதி வாங்கினால் வழக்குப் போடலாம் என்கிறார். பார்சலாக அனுப்பியிருக்கிறேன்.

போனில் பேசினால் என்ன என்று கேட்கிறாய். போன் கூடத்தில் இவர் பக்கத்தில் இருக்கும். சத்தமாக வைத்துத்தான் பேசுவோம். அப்புறம் மூன்று பேர் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. எழுதினால் நிதானமாக இருக்கிறது. என்னால் நடக்க முடியாததால் இதை இவரே தபாலில் போடுகிறேன் என்றார்.

வேறு விசேஷம் இல்லை.

உன் பட்டாணி


ஜனவரி 30

என் பட்டாணிக்கு,

நீ நடக்க ஆரம்பித்ததைப் படித்து நிம்மதி. நான் சுகமாகத்தான் இருக்கிறேன். மூச்சு, மாடிப்படி ஏறும்போது மட்டும் வந்து ஆஜர் கொடுத்துவிட்டுப் போகிறது.

டப்பாவைத் திறந்தேன். சின்ன எலுமிச்சம்பழம் அளவில் தங்க நிறத்தில் ஒரு குண்டு. இத்தனை நாள் என் தங்கையைத் தாங்கியது இதுவா என்று கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன். அது தங்கம் இல்லை, தெரியுமா? உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் பூச்சின் நிறம் அது. ஒரு தலைமுடியை நீளவாக்கில் பல இழையாகக் கிழிக்க முடிந்தால், அதில் ஓர் இழையின் தடிமன்தான் இருக்கும். ஆனால் அந்த மெல்லிய தோல்தான் உள்ளே இருக்கும் உலோகம் தேயாமல் காக்கிறது.

எங்கள் வேலையே அந்தத் தோலை வதைப்பதுதான். வைர ஊசியை மேலே வைத்து, பாரத்தைக் கூட்டிக்கொண்டே இழுப்போம். எந்தப் பாரத்தில் விரிசல் விடுகிறது, எதில் உரிகிறது என்று பார்ப்போம். இன்னொரு இயந்திரத்தில் வைர முனையால் அழுத்தி, எவ்வளவு குழிகிறது, விட்டதும் எவ்வளவு மீள்கிறது என்று அளப்போம். உடம்பைப் போலச் சூடான உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுபடியும் இதே. "சுரண்டிப் பிழைக்கிற அக்கா" என்று நீ சும்மாவா பேர் வைத்தாய்!

சொந்தக்காரர் பொருளை நான் தொடக்கூடாது என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். பேருக்குப் பதில் ஓர் எண்ணைப் போட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அதுவும் சரிதான்.

அறிக்கைக்காக ஒன்று கேட்க வேண்டும். நீ விழுந்தாயா? வழுக்கியது, இடறியது, எதுவானாலும் எழுது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இவரும் படித்தார். இருவரும் சுகம். நீ படியில் நிதானமாக ஏறு.

வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். அடுத்த மாதம் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கடையில் என் மேசையில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று தெரியவில்லை. லென்ஸுக்கும் கீறல் விழாமலிருக்கப் பூச்சு உண்டு. நீ இடுப்புக்கு, நான் கண்ணுக்கு. யாராவது சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தால் அதற்கும் கோடு விழுந்துவிடும்.

போன வாரம் பால் பொங்கி வழிந்தது. நான் அடுப்புக்கு எதிரில்தான் நின்றேன். அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் வந்து அணைத்தார். அப்புறம் ஒன்றும் இல்லை.

தொடை அப்படியே இருக்கிறது.

விழுந்தேனா என்று கேட்டிருந்தாய். இவர் டாக்டரிடம் சொன்னதுதான் பதில்.

அறிக்கை எப்போது வரும் என்று இவர் கேட்கச் சொன்னார்.

உன் பட்டாணி


மார்ச் 8

பட்டாணி,

உடம்பு தேறி வருகிறது என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சோதனை முடிந்தது. பக்கத்து மேசைக்காரர் எதையும் விட்டுவைக்கவில்லை. ஊசியை இழுத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், குண்டின் ஓர் ஓரத்தை அறுத்து, பூச்சும் உலோகமும் சேரும் இடத்தையும் பார்த்தார். பூச்சு எங்கேயும் உரியவில்லை. புதுக் குண்டில் எவ்வளவு பாரம் தாங்க வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவும் தாங்கியது. "இந்தப் பூச்சைப் போட்டவன் கையை முத்தமிடலாம்" என்றார். அவர் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை.

ஆனால் பூச்சின் மேல் சாம்பல் நிறத்தில் கோடுகள் இருந்தன. அவை கீறல்கள் அல்ல. கிண்ணத்தின் உலோக விளிம்பு உரசி, அந்த உலோகம் குண்டில் அப்பிக்கொண்டது. குண்டு கிண்ணத்துக்குள் இருக்கும்போது விளிம்பு அதைத் தொடவே வழியில்லை. வெளியே நழுவினால்தான் தொடும். நாலு கோடுகள் இருக்கின்றன. சிலது நடந்து நடந்து மழுங்கியிருக்கிறது. சிலது புதுசு. அதாவது, வெவ்வேறு காலத்தில் நழுவியிருக்கிறது.

தேநீர் குடிக்கும்போது அவர் என்னிடம், "பாவங்க, அடிக்கடி விழற ஆள் போல இருக்கு. சும்மா விழுந்தாலும் இப்படி நழுவாது. நல்ல வேகமா விழுந்திருக்கணும்" என்றார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

இடுப்பு நழுவினால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை மறந்திருக்க முடியாது. என்ன நடந்தது பட்டாணி? எனக்குச் சொல்.

அக்கா


மார்ச் 20

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலமறிய ஆவல். தங்கள் தங்கைக்குக் கை சுளுக்கிக்கொண்டதால் நானே எழுதும்படி ஆயிற்று. மன்னிக்கவும்.

தங்கள் கடிதத்தை வாசித்தேன். தாங்கள் படித்தவர், அனுபவசாலி. ஆயினும், நாலு கோட்டைப் பார்த்து ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்ல முடியுமா? அவள் சிறு வயதிலிருந்தே கவனக்குறைவானவள் என்பது என்னைவிடத் தங்களுக்குத் தெரியும். எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாள். இப்போது மனம் வேறு சோர்ந்திருக்கிறாள். கேள்விமேல் கேள்வி கேட்டு அவளைக் குழப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பூச்சு தரமானது என்று அறிக்கை வந்தால் வழக்கு நிற்காது என்கிறார் வக்கீல். நம் வீட்டுப் பெண்ணுக்காக ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லக்கூடாதா? அவ்வளவு பெரிய ஆய்வகத்தில் இது ஒரு பெரிய காரியமா?

அவள் தங்களுக்கு அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவர்


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம். அறிக்கையில் பார்த்ததை மட்டும்தான் எழுதுவார்கள். அதில் ஒரு வரியும் மாறாது. தங்கையின் கை சரியானதும் இரண்டு வரியாவது அவளையே எழுதச் சொல்லுங்கள்.

அக்கா


ஏப்ரல் 2

பட்டாணி,

இந்தக் கடிதத்தை உன் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். நீ வேலைக்குத் திரும்பியிருப்பாய் என்ற நம்பிக்கையில். உன் கைக்கு மட்டும் வரட்டும்.

உன் வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் முதலில் படித்தது யார் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது. உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். "இவர் டாக்டரிடம் சொன்னதுதான் பதில்" என்று எழுதியிருந்தாய். நான் அதை அவசரத்தில் எழுதிய வரி என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன். பூச்சில் குறையில்லை. டாக்டர் மேல் தப்பில்லை. உன் உடம்பிலும் குறையில்லை. நீ கவனக்குறைவானவளும் இல்லை. சின்ன வயதில் நம் வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி ஜாடியை உடைத்தது நான்தான். நீ இல்லை.

எழுத முடியாவிட்டால் வெறும் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. என் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. துணி காயப்போட்டிருக்கிறேன். எடுத்துவிடலாம்.

அக்கா


மே 9

முகம் தெரியாத அக்காவுக்கு,

கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அம்மா எழுதுகிறேன். சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் வேலை செய்கிறது.

உங்கள் தங்கை பேருக்கு வந்த கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பிரிக்கவில்லை. அவள் இன்னும் வேலைக்கு வரவில்லை. போன வாரம் அவள் வீட்டுக்காரர் வந்து, இனிமேல் வரமாட்டாள் என்றார். மிகவும் மரியாதையான மனிதர். என் முழங்காலைப் பற்றியெல்லாம் விசாரித்தார். "ஏதாவது தபால் வந்ததாம்மா?" என்று கேட்டார். இங்கே கண்ணாடி மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, எட்டு வருடமாக அவள் என் கடையில் வேலை செய்கிறாள். முழுக்கை ரவிக்கை எந்த நாளில் போடுவாள், எந்த நாளில் போடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கேட்டால், "கதவுல இடிச்சுக்கிட்டேன்மா" என்பாள். எத்தனை கதவுதான் அந்த வீட்டில்! அதற்குமேல் கேட்டால் வேலையை விட்டுவிடுவாளோ என்று பயந்து பேசாமல் இருந்தேன்.

இனி பேசாமல் இருப்பதாக இல்லை. ஒரு சாக்கு யோசித்து வைத்திருக்கிறேன். உங்கள் கடிதம் அவள் கைக்குப் போகும்.

கடைக்கார அம்மா


ஜூன் 3

அக்கா,

கடை மாடியில் இருந்து எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

கடைக்கார அம்மா திடீரென்று வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே இவரிடம், "லென்ஸ் அறுக்கிற மெஷின் நின்னு போச்சு தம்பி. ஆர்டர் எல்லாம் தேங்கிக் கிடக்கு. இவளுக்குத்தான் அதோட குணம் தெரியும். ஒரு மணி நேரம் அனுப்புங்க, கையோட கூட்டிட்டு வந்து விட்டுடறேன்" என்றார். வெளியாட்கள் முன்னால் இவர் எதையும் மறுப்பதில்லை. "தாராளமா கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார். வண்டி பிடித்துப் போனோம். கடைக்குள் நுழைந்தால் மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"ஓடுதேம்மா" என்றேன்.

"அது ஓடும். நீ உட்காரு" என்று உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார்.

படித்தேன். அழுகை வரும் என்று அவர் தண்ணீர் எடுத்து வைத்திருந்தார். வரவில்லை. தண்ணீரைக் குடித்தேன்.

நாலு கோடு என்று எழுதியிருந்தாய். எனக்கு ஐந்து ஞாபகம் இருக்கிறது.

முதல் தடவை மாடிப்படியில். பிடித்துத் தள்ளவில்லை, நீ கையை உதறினாய், நான் விட்டுவிட்டேன் என்றுதான் அப்போது சொன்னார். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். அடுத்தது குளியலறை வாசலில். அதற்கு அப்படி எதையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. இடுப்பு நழுவினால் மல்லாந்து படுத்து, காலை நீட்டி, மெதுவாகத் திருப்ப வேண்டும். 'டக்' என்று உள்ளே போய்விடும். நானே கற்றுக்கொண்டேன். டாக்டரிடம் போனால் கேட்பார்களே. ஒரு தடவை அது உள்ளே போகும்வரை இவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் பார்த்து இருக்கக்கூடாதா?" என்றார். எனக்கு அப்போது கோபம் வரவில்லை, அக்கா. பயமும் வரவில்லை. தரையில் ஒரு எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது இதை எழுதும்போதும் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது.

மார்ச் மாதம் கை சுளுக்கவில்லை. விரல் ஒடிந்திருந்தது. இப்போது மடங்குகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஒரு மணி நேரம் முடிந்தது. நான் திரும்பிப் போகவில்லை. முடிவு எடுத்தேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் இவர் வந்தார். மேலே உட்கார்ந்திருந்த எனக்குக் கடைக்கார அம்மா பேசியது மட்டும் கேட்டது. "மெஷின் இன்னும் சரியாகல தம்பி. இந்த ஜென்மத்துல சரியாகுமான்னும் தெரியல." அப்புறம் ஷட்டரை இறக்கும் சத்தம்.

பட்டாணி


ஜூன் 12

பட்டாணி,

உன் கடிதத்தை வேலைக்கு நடுவில் பிரித்துவிட்டேன். ஊசி ஓடிக்கொண்டிருந்தது. ஓடி முடிந்து, இயந்திரம் நின்று, விளக்கு மினுக்கிக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் வந்து அணைத்தார். அவரிடம் சொன்னேன், அந்த எண் என் தங்கை என்று. உனக்கு ஐந்து ஞாபகம் இருப்பதையும் சொன்னேன். பிறகு, "அஞ்சாவது கோடு இருக்கணும்னா எங்கயோ ஒண்ணுமேல ஒண்ணு விழுந்திருக்கணும். நான் மறுபடி பார்க்கறேன்" என்று மைக்ராஸ்கோப்பிடம் போனார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

இருந்தது. மூன்றாவது கோட்டின் மேலேயே இன்னொன்று. அறிக்கையைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். போலீஸோ நீதிமன்றமோ யார் கூப்பிட்டாலும் வந்து சொல்கிறேன் என்றார்.

நான் வருகிறேன். விடுப்பு கிடைத்துவிட்டது. அதுவரைக்கும் கடைக்கார அம்மா சொல்கிறபடி இரு. கீழே யார் கூப்பிட்டாலும் இறங்காதே. விரலை மறுபடி டாக்டரிடம் காட்டு. இந்தத் தடவை அவர் விழுந்தீர்களா என்று கேட்டால், நீயே பதில் சொல்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. மூச்சுக்கு மருந்தை நிறுத்தாதே. கடைக்கார அம்மா உன்னைக் கேட்டார். நீ மாடியைச் சுத்தம் செய்த அழகில் அவருடைய கணக்குப் புத்தகம் ஒன்று காணாமல் போய்விட்டதாம். திட்டியபடியே கேட்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாளும் உன் ஆய்வக அறிக்கையும் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் நீதிமன்றம். இவர் கம்பெனி மேல் போடுவதாக இருந்த வழக்கை விட்டுவிட்டாராம்.

நீ வந்து அழுதாய். நான் அழவில்லையே என்று உனக்குள் ஒரு கவலை இருந்ததைப் பார்த்தேன். வரும்போது வரட்டும். நான் இப்போது முழு நாளும் வேலை செய்கிறேன்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடையில் நல்ல கூட்டம். கடைக்கார அம்மா முழங்காலைக் காட்டப் போயிருந்தார். தலை நிமிர்ந்தபோது வரிசையில் இவர் நின்றுகொண்டிருந்தார். கடைக்குள் வரக்கூடாது என்று ஸ்டேஷனில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் வந்திருந்தார். அவர் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒரு பக்கத் திருகு தளர்ந்திருந்தது. அவரேதான் தளர்த்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

"எப்படி இருக்க?" என்றார். மெதுவாக, எல்லாரும் இவரை நல்லவர் என்று சொல்லவைக்கும் அந்தக் குரலில்.

நான் திருப்புளியை எடுத்தேன். திருகை முடுக்கினேன். லென்ஸில் விரல் ரேகை நிறைய இருந்தது. தெளித்து, துணியால் துடைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார்.

"தெளிவா தெரியுதா?" என்று கேட்டேன். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒரு அம்மா புதுக் கண்ணாடிச் சட்டத்தோடு காத்திருந்தார். "நீங்க வாங்கம்மா" என்று அவரைக் கூப்பிட்டேன். இவர் நகர வேண்டியதாயிற்று.

அதன்பிறகு ஸ்டேஷனுக்கு போன் செய்து, வந்திருந்தார் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாவுக்குச் சட்டத்தைச் சரி செய்து கொடுத்தேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் அழுத்துகிறது என்றார். வளைத்துக் கொடுத்தேன். இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பட்டாணி